மூக்குச் சுற்று

நவம்பர் 3, ஞாயிறு

மழை விட்டும் துணி காயவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீழே வீட்டுக்காரர் பெர்னார் சவரிராயன் கூடத்தில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவரோடு சேர்த்து மூன்றே பேர். சத்தம் மட்டும் முப்பது பேருக்கு.

"இது மு.த. மாதிரி இல்லியே சவரி. வீ.வ. வாடை அடிக்குது."

"போய்யா. ந.மே. பாத்தியா நீ? வீ.வ.ல இப்பிடி ந.மே. வருமா?"

கடலூரில் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள் நான். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் பாதி வாக்கியத்தைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருப்பேன். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பேச்சில் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. கடத்தல்காரர்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் கடத்தல்காரர்கள் இவ்வளவு சிரிக்க மாட்டார்கள்.

கீரையில் பாதி புழு.

நவம்பர் 5, செவ்வாய்

மோட்டார் போடச் சொல்வதற்காகக் கீழே போனேன். அதற்காக மட்டும்தான். போன இடத்தில் கேட்டே விட்டேன்: "முசியே, மு.த.ன்னா என்ன?" (இந்த ஊரில் பிரெஞ்சுப் பழக்கம், ஐயா என்றால் முசியே, அம்மா என்றால் மதாம்.)

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊர்ப்பெயரைச் சொன்னதும் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் "எங்க ஊரும் அதுதான்" என்பாரே, அந்த முகம். அலமாரியைத் திறந்து காட்டினார். பச்சைப் பச்சையாகப் பாட்டில்கள். அப்சாந்த் என்று ஒரு பிரெஞ்சு மதுவாம். மாசிபத்திரிக்கு உறவான ஒரு கசப்புச் செடி, சோம்பு, இன்னும் என்னென்னவோ போட்டு வடிப்பது. நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன் வடித்த பாட்டில் எங்காவது ஒன்று மிஞ்சியிருந்தால் அதுதான் மு.த., முன் தடை. வெள்ளைக்காரர்கள் இன்டர்நெட்டில் அதை 'ப்ரீ பேன்', சுருக்கி பி.பி. என்று எழுதுவார்களாம். "அத இங்க சொன்னா எல்லாரும் மாத்திரை பேரு கேக்கறாங்க மதாம். அதான் தமிழ்ல மாத்திட்டோம்." வீ.வ. என்றால் வீட்டிலேயே வடித்தது. ந.மே. என்றால் நல்ல மேகம். தண்ணீர் விட்டதும் பச்சை கலங்கிப் பால் மாதிரி ஆவதுதான் மேகம்.

முப்பது வருஷம் பாரீஸில் தபால் இலாகாவில் வேலை பார்த்துவிட்டு மனைவி போனபின் சொந்த ஊரான இந்தக் குருசுக்குப்பத்துக்கே திரும்பி வந்தவர். கூடிய வயதில் கூடாத பழக்கம். ஆனால் மரியாதைக்காரர். மோட்டார் போட மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்த மறந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கூட்டத்துக்குக் கூப்பிட்டார். வேறு வேலை இல்லாததால் போனேன்.

மற்ற இருவர்: கோதண்டபாணி, தாவரவியல் புரொபசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஷாநவாஸ், முத்தியால்பேட்டையில் பேக்கரி வைத்திருக்கிறார். ஷாநவாஸ் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார். தண்ணீர் விடுவது அவர் பொறுப்பு. கண்ணாடிக் குடத்தில் ஐஸ் தண்ணீர், அதில் சின்னச் சின்னக் குழாய். கிளாஸின் மேல் ஓட்டைக் கரண்டி, கரண்டியில் சர்க்கரைக் கட்டி. சர்க்கரை கரைந்து கரைந்து கீழே இறங்க, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார். குழந்தைக்குச் சொட்டு மருந்து போடும் நர்ஸ்கூட அவ்வளவு நிதானமாக இருக்க மாட்டாள்.

"சர்க்கரைய கொளுத்துவாங்களே, வீடியோல பாத்தேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பது போல. பிறகு புரொபசர் மெதுவாக, "அம்மா, அப்பிடி செய்றவங்களுக்கு எங்க கிட்ட ஒரு பேரு இருக்கு. நெ.கா. நெருப்புக் காட்டி. இதவிட கெட்ட வார்த்தை எங்க கிட்ட கிடையாது" என்றார். 'பச்சைத் தேவதை' என்று யாராவது கவிதை பேசினால் அன்றைக்கு எல்லாக் கிளாஸும் அவர்தான் கழுவ வேண்டுமாம்.

குடிப்பதற்கு முன்னால் மூக்குச் சுற்று. ஒரே கிளாஸ் கை மாறிக் கை மாறிப் போகும். மோந்து பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டும். வயதில் சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். ஷாநவாஸ் "சோ. தூக்கல், க. கம்மி" என்றார், சோம்பும் கசப்பும்தான். புரொபசர் அதோடு ஒரு புல் வாசனையைச் சேர்த்தார். கடைசியில் வீட்டுக்காரர் கிளாஸை வாங்கி, கண்ணை மூடி, நன்றாக இழுத்து, "சோ. தூக்கல்தான். ஆனா அடியில புல்லு இருக்கு, பாணி சொன்னது சரி" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். அதற்கு ச.மு. என்று பெயர், சவரி மூக்கு.

நானும் நாக்கு நுனியில் வைத்தேன். கசப்பு, சோம்பு, மறுபடி கசப்பு. சிதம்பரத்திலிருந்து தங்கை பானு போன் செய்தபோது தோட்டக்கலைச் சங்கத்துக்குப் போயிருந்தேன் என்றேன். செடி சம்பந்தப்பட்டதுதானே.

நவம்பர் 14, வியாழன்

கீழே கூடத்தில் எலி செத்துக் கிடந்திருக்கிறது, சோபாவுக்கு அடியில். எத்தனை நாளோ. படியிறங்கும்போதே குடல் புரட்டியது. இவர் அதே சோபாவில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "முசியே, நாறுதே" என்றேன். "ஆமா மதாம், ரொம்ப" என்று உடனே எழுந்தார். ஆண்பிள்ளைகளின் சோம்பேறித்தனத்துக்கு அளவே இல்லை. நானே முறத்தில் அள்ளிப் போட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ரசத்துக்குத் தாளிக்கும்போது தங்கை போன். கடுகு கரிந்து, மிளகாய் கரிந்து, தெருவே இருமியது. கொட்ட மனம் வராமல் கீழே ஒரு கிண்ணம் கொடுத்தேன். "அருமை" என்றார். இப்படி ஒரு நல்ல மனசு.

நவம்பர் 24, ஞாயிறு

அவர்கள் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து, கடைசியில் ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். புரொபசர் தான் உளறியதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். ஷாநவாஸ், "அக்கா, நாங்க பேசறதவிட நீங்க படிச்சா நல்லாருக்கு" என்றார். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் புடவை ஒன்று எடுத்தேன். தள்ளுபடியில் போட்டிருந்தான், விட மனசில்லை.

நவம்பர் 28, வியாழன்

காய்கறிக்குப் போகலாம் என்று பாதிப்படி இறங்கியிருப்பேன், கேஸ் வாடை. ஓடினேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, திருகு திறந்தே இருக்கிறது. சமையலறையில் மூச்சு விட முடியவில்லை. அடைத்துவிட்டு ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தேன். அவர் பத்தடி தள்ளிக் கூடத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சாமி படத்துக்கு ஏற்ற மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும்.

திட்டினேன். வாடகைக்கு இருக்கிறவள் வீட்டுக்காரரை அவ்வளவு திட்டக் கூடாது. முகம் வெளிறிப் போய்விட்டது. கடைசியில், "நதீனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மதாம்" என்றார். நதீன் லியோனில் இருக்கும் ஒரே மகள்.

"நான் என்ன, உங்க பொண்ணுக்கு டைப் அடிச்சா அனுப்பப் போறேன்?"

வயதானால் கவனம் போய்விடுகிறது. இனிமேல் காலையும் மாலையும் அவர் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாக வைத்துக்கொண்டேன். கீழே வெடித்தால் மாடியும்தானே போகும்.

டிசம்பர் 8, ஞாயிறு

என்னை உறுப்பினராக்குகிறார்களாம். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஒரு முறை உண்டு. புதிதாகச் சேருகிறவர் ஒரு 'கள்ளன்' கொண்டுவர வேண்டும். அதாவது அப்சாந்த் அல்லாத எதையாவது அப்சாந்த் மாதிரியே கலக்கி, மற்ற கிளாஸ்களோடு ஒளித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் மூக்குச் சுற்றில் அதைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு யார் முதலில் மோந்து பார்ப்பது என்பதும் புது ஆளின் இஷ்டம். இதுவரை எந்தக் கள்ளனும் சவரி மூக்கைத் தாண்டியதில்லை என்று புரொபசர் பெருமையடித்தார். ஷாநவாஸ் தலையைக் குனிந்து குழாயைத் துடைத்தார்.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார். நதீன் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம். அப்பா தனியாக இருப்பது சரிப்படுமா என்று பார்க்கத்தான் வருகிறாள். சரிப்படாது என்று தோன்றினால் வீட்டை விற்றுவிட்டு லியோனுக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றேன்.

"அங்க அஞ்சாவது மாடி மதாம். ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டு ஜன்னல். பாரீஸ்ல முப்பது வருஷம் அதத்தான் பாத்தேன். திரும்ப அங்க போயி சாகறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?"

எனக்கும் ஜனவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. பானு சிதம்பரத்தில் அவள் பக்கத்து வீட்டையே பேசி வைத்திருக்கிறாள். வீடு விற்றால் எனக்கு வேலை சுலபம், தானாகக் காலி செய்துவிடலாம். நான் கவலைப்பட இதில் ஒன்றும் இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை, மோர் குடித்தேன்.

டிசம்பர் 21, சனி

நதீன் வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். அவள் அம்மாவின் படத்தில் உள்ள அதே நெற்றி. வந்த அன்றே தண்ணீர்த் தொட்டி, மின்சார மீட்டர், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பார்த்தாள். "பப்பா நல்லா சாப்பிடறாரா ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டாள். நல்ல பெண். பிடிக்காமல் இருக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

கள்ளன் கிடைத்துவிட்டான். ஓமத்தண்ணீர்.

யோசித்துத்தான் செய்தேன். கஷ்டமான கள்ளனைக் கொண்டுபோய் அவர் மூக்கை மடக்குவது என் எண்ணம் இல்லை. மகள் முன்னால் அவர் ஜெயிக்க வேண்டும். குழந்தைக்கு வயிறு வலித்த எந்த வீட்டிலும் ஓமத்தண்ணீர் வாசனை தெரியாதவர் இருக்க முடியாது. கிளாஸ் மூக்குக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். முதல் மூக்காக அவரையே வைக்கப் போகிறேன். ஒரே இழுப்பில் "இது கள்ளன்" என்பார். இவ்வளவு கூர்மையான ஆளை எதற்குத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று நதீனுக்கே தோன்றும்.

ஒரு சொட்டுப் பச்சைச் சாயம், நாலு சொட்டுப் பால். மேகம் அச்சு அசல்.

டிசம்பர் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான்கு கிளாஸ். மூன்றாவதில் கள்ளன். நதீனும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "முதல் மூக்கு யாரு அக்கா?" என்றார் ஷாநவாஸ். "முசியேதான்" என்றேன். புரொபசர் சட்டென்று, "இல்லம்மா, பெரியவர் கடைசிலதான்" என்றார். "இன்னிக்கு என் இஷ்டம்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். என் குரலில் இருந்த கர்வம் இதை எழுதும்போதும் கேட்கிறது.

முதல் கிளாஸுக்கு "சோ., க., சமமா இருக்கு" என்றார். இரண்டாவதற்கும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். மற்ற இருவரும் அவசரமாக ஆமாம் போட்டார்கள். மூன்றாவது கிளாஸ் வந்தது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தே ஓமம் மூக்கில் ஏறியது. அவர் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்து மேகத்தைப் பார்த்தார். கண்ணை மூடி இழுத்தார். முகம் மலர்ந்தது.

"இது வேற ஜாதி" என்றார். "மு.த. தான். சந்தேகமே இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் புரொபசர் கிளாஸை வாங்கினார். மோந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஓமம் அப்படி. "ஆமா சவரி. மு.த. தான்" என்றார். ஷாநவாஸ் வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "அதேதான் சார்" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத இரண்டு பேர் கைகோத்துப் பொய் சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. செத்த எலி, கரிந்த ரசம், கேஸ். எல்லாம் கண் முன்னால்தானே இருந்தன. எத்தனை வருஷமாக இவர்கள் முதலில் எழுத்துகளைச் சொல்ல, அவற்றை அவர் கோத்துத் தீர்ப்பாகச் சொல்லி வந்திருக்கிறார். வயதில் சின்னவர் முதலில் என்று வைத்ததே அதற்குத்தான். அந்த ஏற்பாட்டைப் போய் நான் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

நதீன் கையை நீட்டினாள். ஷாநவாஸ் கிளாஸைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவளே மெதுவாக வாங்கிக்கொண்டாள். ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"பப்பா" என்றாள். "இது ஓமத்தண்ணி."

அவர் கிளாஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எவ்ளோ நாளா பப்பா?"

"நாலு வருஷம். காய்ச்சல் வந்துச்சில்ல, அதோட போச்சு. வாசம், நாத்தம், எதுவுமே இல்ல. இவனுங்களுக்கு மட்டும் தெரியும். ஞாயித்துக்கெழமை இவனுங்க சொல்லச் சொல்ல, எனக்கு ஞாபகத்துல வரும். அது போதும்னு இருந்துட்டேன்."

"அப்போ கேஸு? வீட்ல எதுனா பத்திக்கிட்டா? யாருக்குத் தெரியும்?"

அவர் சொல்லவில்லை. சொல்லாதே என்று என்னைக் கேட்டுக்கொண்டவர். நான் சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சு அப்படியே போயிருக்கும். ஆனால் அந்த மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் என் கண்ணிலேயே நின்றன. ஒளித்து ஒளித்துத்தானே இவ்வளவு தூரம் வந்தது.

"போன மாசம் ஒரு தடவ ஆச்சும்மா" என்றேன். "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு. நான் படியில வந்ததால தெரிஞ்சுது."

புரொபசர் தலையில் கை வைத்துக்கொண்டார். நதீனுக்கு உதடு துடித்தது. "அவ்ளோதான் பப்பா. என்னோட வந்துடுங்க. இனிமே நான் அங்க நிம்மதியா தூங்க முடியாது."

"அதுலேருந்து தெனமும் ரெண்டு வேளை நான் வந்து பாக்கறேன்" என்றேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. ஆனா ஜனவரில நீங்க காலி பண்றீங்கன்னு பப்பா சொன்னாரு. அப்புறம்? மாடில யாரு இருப்பாங்க?"

நியாயமான கேள்வி. சிதம்பரத்து வீட்டுக்கு முன்பணம்கூடப் பானு கொடுத்துவிட்டாள், அதைத்தான் சொல்ல வந்தேன். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"மாடில யாரும் இருக்க வேணாம். நான் கீழ வந்துடறேன்."

நாலாவது கிளாஸுக்கென்று திறந்துவிட்ட குழாயை ஷாநவாஸ் மூட மறந்திருந்தார். கிளாஸ் நிரம்பி, மேசையில் வழிந்து, புரொபசர் வேட்டியில் சொட்டியது. புரொபசரும் அசையவில்லை.

நதீன் என்னை நெடுநேரம் பார்த்தாள். "பப்பாகிட்ட கேட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்ல. இப்பத்தான் எனக்கே தெரியும்."

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். இத்தனை நாள் இந்த நோட்டில் மோட்டார், புடவை, தோட்டக்கலை என்று எழுதியதெல்லாம் வெறும் சுற்றிவளைப்பு.

டிசம்பர் 30, திங்கள்

கீழே போகவில்லை. கீழிருந்தும் யாரும் வரவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

காலையில் கதவு தட்டினார். படியேறியதில் மூச்சு வாங்கியது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"மதாம், அன்னிக்கு சொன்னது, அவசரத்துல வந்த வார்த்தையா?"

"முப்பது வருஷம் ஸ்டெனோ நான். என் வாயில அவசரத்துல வார்த்தை வராது."

"நீங்க எத ஆக்கிப் போட்டாலும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளு நான். யோசிச்சுக்குங்க."

"அத கரிஞ்ச ரசத்தன்னிக்கே யோசிச்சிட்டேன்."

அவர் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை, அது கலங்கி இருந்தது. நதீன் கடைக்குப் போய் கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறாளாம். "ஆன்ட்டி இருந்தாலும் இதுவும் இருக்கட்டும்" என்றாளாம். கெட்டிக்காரி. லியோன் பேச்சை அவள் எடுக்கவில்லை என்று சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள்தான் அங்கே போக வேண்டுமாம், இரண்டு பேரும்.

பானுவுக்குப் போன் செய்தேன். விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பிறகு, "தோட்டக்கலைச் சங்கத்துலயா?" என்றாள்.

ஜனவரி 5, ஞாயிறு

நதீனை நேற்று வழியனுப்பினோம். இன்றைக்குக் கூட்டம் உண்டு. அதற்கு முன்னால் எனக்கொரு வேலை இருந்தது. மார்க்கெட் வரை போய் வந்து, கீழே சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க இந்த வீட்டுக்கு வந்தது போன பிப்ரவரி. என் மூக்கு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றார். "உங்க வாசனை என்னன்னே எனக்குத் தெரியாது. பாணியக் கேக்க முடியுமா?"

"கேட்டுப் பாருங்க, என்ன நடக்குதுன்னு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"எழுத்துலயா?"

"வேணாம். அத ஞாயித்துக்கெழமைக்கு வெச்சுக்கலாம். இத சுருக்காம சொல்லுங்க."

சொன்னேன். காலையில் சந்தன சோப்பு. பத்து மணிக்குமேல் கையில் பெருங்காயம், அது சாயந்திரம் வரை போகாது. தலையில் தேங்காய் எண்ணெய், மழை நாளில் கொஞ்சம் சிக்கு வாடை. புதுப் புடவையென்றால் கஞ்சி, பழசென்றால் பீரோவில் போட்ட அந்துருண்டை. வெயிலில் நடந்து வந்தால் எல்லோரையும் போல வேர்வைதான், அதை மறைக்கப் பவுடர். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னிக்கு?"

எனக்குக் கத்தி ஓடவில்லை. "இன்னிக்கு மல்லிப்பூ" என்றேன். "ரெண்டு மொழம் வாங்கி வெச்சிட்டிருக்கேன். என் புருஷன் போயி ஒம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் பூ வெக்கறேன். வெச்சு ரெண்டு மணி நேரமாச்சு, நீங்க ஒண்ணுமே சொல்லல."

அவர் கண்ணைத் திறந்தார்.

"திரும்பி உக்காருங்க" என்றார். "பாக்கறேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.